பேஸ்ட்டா, பேடா?

ஆம்ப்ளிஃபயரின் இடது பக்கத்தில் உள்ளங்கையை வைத்த சித்தார்த்தனுக்குப் பெருமை தாங்கவில்லை. நாதஸ்வரம் மண்டபமே அதிர முழங்கியது. பெட்டியோ மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தது.

“பார்த்தியா? இதுதான் பேஸ்ட்டு” என்றான் மனைவியிடம்.

யமுனா வலது பக்கத்தைத் தொட்டாள். “பேடும்தான் ஜில்லுனு இருக்கு. கையை வச்சுப் பாருங்க.”

சத்திரம் பேருந்து நிலையம் அருகே சவுண்ட் சர்வீஸ் நடத்தும் இந்தத் தம்பதிக்கு ஒரு வாரமாக இதே சண்டைதான். போன முகூர்த்தத்தில், தாலி ஏறும் நேரம் பார்த்து, பெட்டிக்குள் பவர் டிரான்சிஸ்டர்கள் சூடு தாங்காமல் புகைந்துவிட்டன. அதன்பின் பேசிவைத்திருந்தவர்களே ஒவ்வொருவராக வேறு கடைக்கு நழுவினார்கள். இன்றும் பெட்டி படுத்தால் கடையை மூட வேண்டியதுதான்.

டிரான்சிஸ்டரின் சூட்டை அலுமினியத் தகட்டுக்குக் கடத்த நடுவில் என்ன வைப்பது? பேஸ்ட்தான் சந்துபொந்தெல்லாம் நிரப்பிச் சூட்டைச் சட்டென்று இறக்கும் என்பது அவன் கட்சி. பேஸ்ட் காய்ந்துபோகும், கூடவே மின்சாரம் தகட்டில் பாயாமலிருக்க மைக்கா ஏடு வேறு வைக்க வேண்டும், அது கீறினால் ஷார்ட்தான். ரப்பர் துண்டு மாதிரி இருக்கும் பேட் என்றால் வைத்தோமா திருகினோமா என்று வேலை முடியும் என்பது அவள் கட்சி. கடைசியில் இடது பக்கம் பேஸ்ட், வலது பக்கம் பேட் என்று பாகப்பிரிவினை ஆனது. எந்தப் பக்கம் முதலில் சுடுகிறதோ அந்தக் கட்சி தோற்றதாகக் கணக்கு.

அதனால் ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் பெட்டியை இறக்கி, ஸ்விட்சைத் தட்டி நாதஸ்வரப் பாட்டைப் போட்டதிலிருந்து, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைத் தவிர இருவரும் வேறு வேலை பார்க்கவில்லை. நல்லவேளை, முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

யமுனா ஏதோ சொன்னாள், நாதஸ்வரத்தில் கேட்கவில்லை. சித்தார்த்தன் வால்யூமைப் பாதியாகக் குறைத்தான். அப்படியும் அவள் காதருகே வந்து கத்த வேண்டியிருந்தது.

“ரெண்டுமே ஜெயிச்சிருச்சுங்க. நம்ம கடை பொழைச்சிருச்சு.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாள் முதல் இல்லாத வழக்கமாக, அவள் சொன்னதும் சரிதான் என்று ஒப்புக்கொண்டான். அவளும் போனால் போகிறதென்று பேஸ்ட்டுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னாள்.

பெண்ணின் அப்பா அடைக்கலம், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர், வேட்டியை மடித்துக் கட்டியபடி வேகமாக வந்தார். சித்தார்த்தன் அவர் கையைப் பிடித்துப் பெட்டிமேல் வைத்து, இவ்வளவு நேரம் பாடியும் துளி சூடில்லை பாருங்கள் என்று பூரித்தான்.

அடைக்கலம் பெட்டியைப் பார்த்தார். மேடையோரம் சுருட்டியபடியே கிடந்த ஸ்பீக்கர் வயரையும் பார்த்தார்.

“தம்பி, பாடுறது பக்கத்து மண்டபத்து செட்டு.”