முதல் வரிசை ரசிகர்

புக்கரெஸ்ட் செம்மண் தள டென்னிஸ் போட்டியில் ஸ்மராந்தா நான்கு ஆட்டங்களை வென்றது தன்னால்தான் என்று, மட்டையையே தொட்டறியாத கோர்னேலியு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். தினமும் அதே முதல் வரிசை, அதே தொப்பி. அவள் ஒருமுறை தன்னைத் திரும்பிப் பார்த்தால் போதும்.

இறுதியாட்டத்தில் அவளுடைய கடைசிப் பந்து அவுட் என்றார்கள்.

"பந்து விழுந்த தடத்தைப் பாருய்யா! மண்ணு பொய் சொல்லாது!" என்று கோர்னேலியு கத்தினார்.

நடுவர் இறங்கிவந்து பார்த்தார். தடம் கோட்டின்மேல் இருந்தது. அவள் வென்றாள்.

பரிசளிப்புக்காகத் தளத்தைப் பெருக்கி முடித்ததும், கோர்னேலியு பூங்கொத்துடன் குறுக்கே ஓடினார். அவள் அவரைக் கடந்துபோய்ப் பயிற்சியாளரைக் கட்டிக்கொண்டாள்.

"யோவ்! இப்பத்தானே பெருக்கினேன், மிதிச்சுட்டியே!" என்று தளம் பெருக்கும் வியோரிகா, மண்ணைச் சமப்படுத்தும் வலையை இழுத்துக்கொண்டு வந்தாள். குனிந்து, அவர் ஓடிவந்த வழி முழுவதையும் பார்த்தாள். மண்ணில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"சரி, போய்யா. பெருக்க ஒண்ணுமே இல்ல."