துரை வரைந்த அடுப்படி

அசையக் கூடாது.

படம் எழுத வந்த வெள்ளைக்காரத் துரை கையை மட்டும்தான் உயர்த்தினார். வாயால் சொன்னது அவருடைய பட்லர் சவரிமுத்து. அடுப்படியில் உட்கார்ந்திருந்தவளின் புருஷன்.

"அப்படியே குந்துடி. ஆடுனே, துரை போனப்புறம் இருக்குது ஒனக்கு."

அடுப்படி அடுப்படியாகவா இருந்தது? கரிச்சட்டிகளை வெளியே தள்ளியாயிற்று. பங்களாவிலிருந்து கம்பளம் வந்தது. கூண்டோடு கிளி வந்தது. மீன் நறுக்குகிறவள் கம்பளத்தில் உட்காருவாளாம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உதடு மறுபடி பிளந்துகொள்ளும். நேற்று அடித்த அடி.

துரை அந்த உதட்டைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார்.

பிறகு முந்தானையால் வாயை மறைத்துக்கொள்ளச் சொன்னார். வீங்கிய மணிக்கட்டின் மேல், படத்தில், பொன் வளையல்களை எழுதினார்.

அருவாமனை மட்டும் அவளுடையது.

நறுக்கி முடித்ததும் அதைச் சுவரோரம் படுக்க வைத்துவிடுவாள். எந்த வீட்டிலும் அப்படித்தான். நிமிர்த்தி விட்டால் யார் காலையாவது பதம் பார்க்கும். துரைக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? வெளிச்சம் பட்டு அது மின்ன வேண்டும் அவருக்கு. நிலைப்படிக்கும் அவளுக்கும் நடுவே நிமிர்த்தி வைத்தார்.

ஒரு தரம் கிளி கத்தியது. அவள் திடுக்கிட்டுவிட்டாள்.

துரை உச்சுக்கொட்டினார்.

சவரிமுத்து அவளைப் பார்த்தான்.

மதியம் படம் போயிற்று. கம்பளமும் கிளியும் போயின. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவனும் போனான். வழியில் கள்ளுக்கடை இருக்கிறது.

அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே பிள்ளை புரண்டது.

போன தடவையும் இப்படித்தான் புரண்டுகொண்டிருந்தது. அவன் குனிந்து அடிக்கிறவன் இல்லை. நிலைப்படியைத் தாண்டும்போதே கால் வந்துவிடும், நேரே வயிற்றுக்கு. வெறுங்கால். பட்லர் செருப்புப் போடுவது துரைக்குப் பிடிக்காது. வெறுங்காலுக்கே தாங்கவில்லை அந்தப் பிள்ளை. ஞானஸ்நானம் இல்லாமல் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே கிடக்கிறது.

இதையும் பறிகொடுக்க மாட்டாள். மாட்டவே மாட்டாள்.

"எங்கடி இருக்கிறே?"

தெருமுனையிலேயே குரல் ஆரம்பித்துவிட்டது. பாவி, வருகிறான். வெளியே கொளுத்தும் வெயில். அதிலிருந்து உள்ளே நுழைகிறவனுக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியாது.

அருவாமனையைப் படுக்க வைக்க அவள் கை தானாக நீண்டது. பழக்க தோஷம்.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

துரை உட்கார வைத்த இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

நிலைப்படியில் நிழல் விழுந்தது.

அவள் அசையவில்லை.