கயிறில்லாத தோணி

விடிந்தும் விடியாமலும் ஏரியின் மேல் மூடுபனி கிடக்கிறது. அதற்குள் நீந்திப் போகும் டெஸ்ஸின் தலையும் வீசும் கைகளும் மட்டும் தெரிகின்றன. அவளுக்கு அப்பால் சிவப்புத் தோணி ஆளில்லாமல் காற்றோடு நகர்கிறது. இந்தத் தீவை விட்டுப் போக அதைத் தவிர வேறு வழியில்லை. நேற்று மாலை, கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டுப் பையை மரத்தில் தொங்கவிடத் தோணியின் கயிற்றை அவிழ்த்தவள் டெஸ்ஸின் அம்மா மார்லீன்தான். "பாறை மேல பாதி ஏத்தியாச்சு, எங்க போயிடப் போகுது?" என்றவளும் அவளே. இப்போது நீந்தத் தெரியாத அவள் தடுப்பதற்குள், மகள் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு குதித்துவிட்டாள். "குளிருதாடி?" "உன் காப்பியை விடச் சூடாத்தான் இருக்கு, கத்தாதம்மா!" பைன் மரங்கள் இரைகின்றன. காற்று வலுக்கிறது. "ஏதாவது பேசிக்கிட்டே இரு, டெஸ்!" "பல்லு அடிக்குது... பேச வரல." மார்லீன் முழங்கால் வரை தண்ணீரில் இறங்குகிறாள். குளிர் எலும்பைக் கடிக்கிறது. "போதும், திரும்பு!" "இன்னும் கொஞ்சந்தாம்மா. அது போச்சுன்னா நாம எப்படிப் போறது?" "போனாப் போகட்டும்! யாராவது வருவாங்க. நீ வாடி!" பனிக்குள் தலையும் தெரியவில்லை. எங்கோ ஒரு நீர்ப்பறவை கூவி நிறுத்துகிறது. "டெஸ்!" மெல்ல, நீரை அடிக்கும் சத்தம் கேட்கிறது. போகிறதா, வருகிறதா? வருகிறது. மார்லீன் கைக்கு எட்டிய சட்டைப் பட்டையைப் பிடித்து இழுத்து, நீலம் பாரித்த உதடுகளைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொள்கிறாள். "தோணியைத் தொட்டுட்டேம்மா," என்கிறது நடுங்கும் குரல், "ஒரு விரல் பட்டுச்சு." தோணி போன பக்கம் மார்லீன் பார்க்கவே இல்லை.