வராத செல்வமணியின் ரத்தம்

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

போனில் சொன்னபோது உங்கள் ஆள் சிரித்தார். அதனால் எழுதுகிறேன்.

காலையில் எங்கள் கிள்ளான் கிளினிக்கில் இருந்தவர்கள்: கதவோரம் தொழிற்சாலை சூப்பர்வைசர் குணாளன், எதிர் நாற்காலிகளில் அவரிடம் வேலைசெய்யும் இருவர், மேசையில் ரத்தம் எடுக்கும் நான். மூன்றாவது வேலையாள் செல்வமணி வரவில்லை.

“ஓடிட்டான் லா, அக்கா” என்றார் குணாளன்.

ஆட்களைப் பார்க்குமுன்பே, பரிசோதனைக்குத் தொழிற்சாலை அனுப்பிய பட்டியல்படி குழாய்களில் பெயர் ஒட்டிவைத்தது என் தவறு. இருவருக்கும் எடுத்துத் திரும்பினால், செல்வமணியின் குழாயும் சூடான ரத்தத்தால் நிறைந்திருந்தது. குணாளன் அதைச் சுவரில் அடித்து உடைத்தார். பக்கத்துக் காலிக் குழாய் நிறைந்தது. அதையும் உடைத்தார். அடுத்ததும் நிறைந்தது.

“பாராங் கத்தியால ஏழு வெட்டு வெட்டினேன், இன்னுமாடா வருது?” என்று குழாயைக் கேட்டுவிட்டு ஓடினார்.

அவர் ஓடியபின்தான் இந்த இருவரும் வாய் திறந்தார்கள்: வெட்டியதைப் பார்த்திருக்கிறார்கள், இடம் தெரியும். உறையை ஒட்டி அவர்களிடமே கொடுத்தனுப்புகிறேன். சீக்கிரம் போங்கள், கடைசியாக நிறைந்த குழாயில் சூடு குறைவு.