வகை தெரியாத பாட்டு

பாட்டைக் கேட்டதும் இசைப் பத்திரிகைக்கு அட்டையைத் தானே வரைந்துவிடும் அந்த இயந்திரம், அன்று முதல்முறையாகத் திகைத்து நின்றது. கச்சேரி என்றால் பட்டுக்கரை, ராப் என்றால் கறுப்பில் கோணல் எழுத்து, கானா என்றால் மஞ்சள் சுவர் என்று ஆறு வருடமாக ஒரு குறையும் வைக்காத இயந்திரம், 'வகை தெரியவில்லை, அச்சுக்கு அனுப்ப இயலாது' என்றது.

பாடியவள் வடிவு, திருவொற்றியூர் பஸ் டிரைவர். வீணையை மீட்டிக்கொண்டு கானா பாடுபவள். சீருடையோடு வடிவமைப்பாளர் ஜெசிந்தாவின் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பழக்கந்தான்க்கா. எல்லாப் பத்திரிகையிலயும் இதான் சொன்னாங்கோ" என்று எழுந்தாள்.

இத்தனை வருடமும் 'சரி' பொத்தானை மட்டுமே அழுத்திவந்த ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது.

"உக்காரும்மா. பாடும்போது உன் கண்ணுக்கு என்ன தெரியுது?"

"மழை வுட்ட டிப்போ. தரையில லைட்டெல்லாம் மெதக்கும்."

ஜெசிந்தா இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கையால் வரைந்தாள். ஈரத்தரையில் சிவப்பும் நீலமும் கரைந்தன. வடிவின் பெயர் தண்ணீரில் நெளிந்தது. "இது எதுலயும் சேராதே" என்ற ஆசிரியர், பாட்டை இரண்டு முறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இதழ் வெளிவந்த வாரத்திலேயே, எந்த வகையிலும் அடங்காமல் திருப்பி அனுப்பப்பட்ட பதினான்கு பேர் தங்கள் பாட்டுகளை அனுப்பினார்கள். மறுபடி இயக்கப்பட்ட இயந்திரம், ஜெசிந்தா வரைந்த அட்டையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஈரத்தரையை வரைந்தது. பிறகு கேட்டது: 'இந்தப் புது வகைக்கு என்ன பெயர்?'

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே வடிவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"பேரு கெடக்கட்டும்க்கா! மொதல்ல அந்தப் பதினாலு பேரையும் கூப்டுக்கா. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு, எல்லாரும் சேந்து பாடலாம்!"