வைக்கோல் கன்று கேட்ட பாட்டு

கன்று செத்த பிறகு செவலைப் பசு பால் சுரக்கவில்லை. கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, பக்கத்தில் நிறுத்தினார்கள். பசு ஒருமுறை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தொழுவத்துக் கூண்டில், கப்பலில் வந்த கிளி ஒன்று இருந்தது. "அக்கா, பால் தராவிட்டால் சந்தையன்று உன்னை அடிமாட்டுக்குக் கொடுத்துவிடுவார்களாம்" என்றது.

"வைக்கோலைப் பார்த்தால் பால் வருமா தம்பி? நீ வேண்டுமானால் சுரந்து காட்டு."

கிளிக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. அதைப் பாடியது.

பசுவின் கண்களில் நீர் வழிந்தது. "ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் மடி கனக்கிறதே!"

"எனக்கும் விளங்காது அக்கா. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வெறும் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இதைப் பாடுவாள். ஒருநாள் அவள் கையை எடுத்த பிறகும் தொட்டில் நிற்கவில்லை. பயந்துபோய், கூடவே பாடிய என்னை விற்றுவிட்டார்கள்."

கிளி மறுபடி பாடத் தொடங்கியது. காற்றே இல்லாத தொழுவத்தில் வைக்கோல் சரசரத்தது. தைத்த வாய் ஒன்று மெல்ல மடியைத் தேடி வந்தது.

கிளி பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கூண்டின் மூலைக்கு ஒதுங்கியது.

"நிறுத்தாதே தம்பி" என்றது பசு, பின்கால்களை அகட்டி இடம் கொடுத்தபடி.