நீர்ப்பல்லிகளும் ஒரு பெயரும்

1933 மே மாதப் பிற்பகல். விலங்கியல் துறையின் மேல்மாடியில் வெயில் கண்ணாடித் தொட்டிகள்மீது விழ, தண்ணீரின் நெளிவு கூரையில் ஆடுகிறது. யூதர் என்பதற்காக இன்று காலை வேலைநீக்கம் செய்யப்பட்ட பேராசிரியர் லன்ட்ஸ்பெர்க், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தான் பதினெட்டு வருடங்களாகத் தலைமுறை தலைமுறையாய் வளர்த்த நீர்ப்பல்லிகளுக்கு இடுக்கியால் புழு ஊட்டுகிறார். “இது இலைக்கடியில முட்டை வெச்சிருக்கு, டீட்மார். ரெண்டு வாரம் தண்ணிய மாத்தாதீங்க,” என்கிறார், உதவியாளனான என்னிடம். “சரிங்க, புரொஃபசர்.” “நாம சேர்ந்து எழுதின கட்டுரையில என் பேரை எடுத்துடுங்க. உங்களுக்குக் குழந்தைங்க இருக்கு.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். புழு இடுக்கியில் நெளிகிறது. நான் மறுத்துப் பேசுவேன் என்று அவர் காத்திருப்பது எனக்குத் தெரிகிறது. “சரிங்க,” என்கிறேன் மறுபடியும். அவர் தலையசைத்து, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். ஜன்னலருகே போனால் அவர் முற்றத்தைக் கடப்பதைப் பார்க்கலாம், ஒருவேளை அவர் நிமிர்ந்து பார்த்தால் கையசைக்கலாம். கீழே நாஜிகளின் பழுப்புச் சட்டை அணிந்த மாணவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் என்னையும் பார்த்துவிடுவார்கள். காலடி ஓசை தேய்ந்து அடங்கும்வரை நான் சுவரோரமாகவே நிற்கிறேன்.